அரை மில்லிமீட்டரில் வானம்: டைக்கோ பிராஹே பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த இதழின் கேள்விகள் எல்லாமே டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே (1546–1601) பற்றியவை. பதில்களில் பாகை, கலை, விகலை என்ற பஞ்சாங்கக் கணக்கே வருகிறது. வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கோப்பர்நிக்கஸ், கெப்ளர், கலிலியோ மூவருக்கும் பாடத்தில் இடம் இருக்கிறது. டைக்கோவை மட்டும் ‘கெப்ளருக்கு அளவுகளைக் கொடுத்தவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் அவ்வளவுதானா?
— ஓர் ஆசிரியை, தென்காசி

அந்த வரி பொய்யில்லை, ஆனால் கஞ்சத்தனமான வரி. 1563 ஆகஸ்டில் வியாழனும் சனியும் வானில் ஒட்டி நின்றன. சட்டம் படிக்க லைப்சிக் அனுப்பப்பட்ட டைக்கோவுக்கு அப்போது வயது 16. கூட வந்த பாதுகாவலர் தூங்கியபின் திருட்டுத்தனமாக வானம் பார்த்துப் பழகியவர், அந்தச் சேர்க்கையை அச்சிட்ட அட்டவணைகளோடு ஒப்பிட்டார். 13ஆம் நூற்றாண்டின் அல்போன்சோ அட்டவணை ஒரு மாதம் பிசகியிருந்தது. கோப்பர்நிக்கஸ் கணக்கை வைத்துச் செய்த புதிய அட்டவணையும் சில நாள் பிசகியது.

யார் சொன்ன கொள்கை சரி என்று சண்டை போடும் முன்னால் கோள்கள் எங்கே நிற்கின்றன என்பதையே யாரும் ஒழுங்காக அளக்கவில்லை என்பது அவருக்கு அங்கேயே பிடிபட்டது. 10 கலைக்குள் அளந்தால் போதும் என்று கோப்பர்நிக்கஸ் இருந்தார். டைக்கோ அதை ஒன்றிரண்டு கலைக்குக் கொண்டுவந்தார். ஓரிரவு பார்த்துவிட்டு விடவில்லை, சுமார் 20 ஆண்டுகள் விடாமல் அளந்தார். பிழை எந்த வழியாக அளவுக்குள் நுழைகிறது என்று ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி அடைத்ததுதான் அவர் செய்த வேலை. கண்டுபிடிப்பு என்று பெயர் சூட்ட அதில் ஒன்றும் இல்லாததால் பாடப்புத்தகம் அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வரி எழுதிவிடுகிறது.

தொலைநோக்கி 1608இல்தான் வருகிறது. அதற்கு முன் வெறுங்கண்ணால் ஒரு கலை வரை அளந்தார் என்பது நம்பும்படி இல்லையே?
— பாலிடெக்னிக் மாணவர், திருச்செங்கோடு

சந்தேகம் நியாயமானது. நல்ல கண்ணால் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் எல்லையே ஏறக்குறைய ஒரு கலைதான். ஆகவே கண்ணின் எல்லை வரை கருவியும் கூடவே வர வேண்டும்.

முதலில் குறிபார்க்கும் இடம். பழைய கருவிகளில் ஒரு கோலின் இரு முனைகளிலும் ஊசித்துளை போட்ட தகடு இருக்கும். துளையைச் சிறிதாக்கினால் மங்கலான நட்சத்திரம் தெரியாது. பெரிதாக்கினால் துளைக்குள் கண் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. 2 மீட்டர் நீளக் கோலில் கண் 1 மில்லிமீட்டர் விலகினாலே 1.7 கலை பிழை வந்துவிடும். டைக்கோ தொலைமுனைத் துளையைத் தூக்கிவிட்டு அங்கே ஓர் உருளையை வைத்தார். கண்ணருகே உள்ள தகட்டில் உருளையின் விட்டம் எவ்வளவோ அதே இடைவெளியில் இரண்டு இணைக் கீற்றுகள். மேல் கீற்று வழியே பார்த்தால் நட்சத்திரம் உருளையின் மேல் விளிம்பை ஒட்டி மினுங்க வேண்டும், கீழ் கீற்று வழியே பார்த்தால் கீழ் விளிம்பை ஒட்டி மினுங்க வேண்டும். இரண்டிலும் ஒளி ஒரே அளவாக இருந்தால் குறி சரி. ஒன்றில் மங்கினால் தகட்டை நகர்த்த வேண்டும். ஒரு புள்ளி நட்டநடுவில் இருக்கிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். இரண்டு பக்கமும் சமமா என்று சொல்வது எளிது, தராசு முள்ளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். கீற்றின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கவும் வசதி இருந்தது: பிரகாசமான நட்சத்திரத்துக்கு ஒடுக்கம், மங்கலானதற்கு அகலம்.

அடுத்தது அளவுக்கோடு. நட்சத்திரத்தின் உயரத்தைப் பாகையில் அளக்கச் சுவரில் பதித்த கால் பங்கு வட்ட வளைவுதான் அவருடைய சுவர்க் கால்வட்டம். அதன் ஆரம் சுமார் 194 செ.மீ. அந்த வளைவில் ஒரு கலை என்பது 0.56 மி.மீ. தான். 90 பாகைக்கு 5,400 கோடுகளை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் செதுக்கினால் கோட்டின் தடிமனே இடத்தை விழுங்கிவிடும். எனவே 10 கலைக்கு ஒன்றாக, அதாவது 5.6 மி.மீ.க்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பிரிவின் உள் வளைவிலிருந்து அடுத்த பிரிவின் வெளி வளைவுக்குச் சாய்வாகப் புள்ளிகளை வைத்தார். சாய்வில் ஒரு புள்ளி ஏறினால் ஒரு கலை. புள்ளிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருப்பதால் 10 விகலை வரை பிரித்து வாசிக்க முடிந்தது. சாய்கோட்டு யோசனை அவருடைய சொந்தச் சரக்கு இல்லை, லைப்சிக் நாள்களில் கற்றுக்கொண்டது. கோண அளவில் அதை முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியவர் அவர்.

கடைசியில் சட்டம். இங்கே அவர் அடிபட்டுத்தான் கற்றார். 1570 வாக்கில் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு நண்பருக்காக 5 மீட்டருக்கும் மேல் ஆரமுள்ள மரக் கால்வட்டம் ஒன்றை நிறுத்தினார். கலைக்குக் கலை இடைவெளி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் அதைத் திருப்புவதற்கே ஆள்படை வேண்டும். திறந்த வெளியில் நின்ற அது 1574இல் புயலில் விழுந்தது. மரம் ஈரத்தில் முறுக்கும், நீளமானால் சொந்த எடையில் தொங்கும். அதன்பின் அவர் வளைவுக்குப் பித்தளை, சட்டத்துக்கு இரும்பு, ஆரம் 2 மீட்டர் அளவு என்று இறங்கிவந்தார். ‘பெரிதாகச் செய்தார், அதனால் துல்லியம் வந்தது’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் கதையைப் படித்ததில்லை.

ஹ்வென் தீவில் அரண்மனை மாதிரி உரானிபோர்க் கட்டியவர், பக்கத்திலேயே தரைக்கடியில் இன்னொரு ஆய்வகம் ஏன் கட்டினார்?
— வாசகர், நாகப்பட்டினம்

காற்றுக்காக. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே நீரிணையில் கிடக்கும் தீவு அது. உரானிபோர்க் அழகுக்காகவும் கட்டப்பட்டது. கோபுரமும் மாடமும் கொண்ட வீட்டின் உயரத்தில் நின்ற கருவிகள் காற்றில் அதிர்ந்தன. 1584 வாக்கில் தெற்கே சற்றுத் தள்ளிப் பள்ளம் தோண்டி, ஸ்டியர்னபோர்க் என்ற நட்சத்திரக் கோட்டையைக் கட்டி, கருவிகளைத் தரைமட்டத்துக்குக் கீழே கல் அடித்தளத்தில் நிறுத்தினார். மேலே தெரிந்தது திறந்து மூடும் கூரைகள் மட்டும். கடலோர ஊர்க்காரரான உங்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

சுவர்க் கால்வட்டத்தின் பழைய படத்தில் டைக்கோ கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சுற்றி மூன்று பேர், கடிகாரங்கள், காலடியில் ஒரு நாய். உண்மையில் அங்கே என்ன வேலை நடக்கிறது?
— நூலகர், கும்பகோணம்

உட்கார்ந்திருக்கும் டைக்கோவும் நாயும் சுவரில் வரைந்த ஓவியம். வேலை செய்கிறவர்கள் அந்த மூன்று பேர்தான்.

வடக்கு-தெற்காக ஓடும் சுவரில் பித்தளைக் கால்வட்டம் அறையப்பட்டிருக்கிறது. வளைவின் மையம் இருக்க வேண்டிய இடத்தில், தெற்குச் சுவரில், ஒரு திறப்பு. அதில் உருளை பொருத்தியிருக்கிறது. வலது ஓரத்தில் ஒருவர் வளைவின்மேல் நகரும் குறித்தகட்டில் கண்ணை வைத்துக் காத்திருக்கிறார். தலைக்கு மேல் வடக்கு-தெற்காக ஓடும் உச்சிக்கோட்டை நட்சத்திரம் தாண்டும் கணத்தில் குரல் கொடுத்து உயரத்தை வாசிக்கிறார். இரண்டாமவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்கிறார். மூன்றாமவர் இரண்டையும் எழுதுகிறார்.

உயரம் அற்புதமாகக் கிடைத்தது. நேரம்தான் காலை வாரியது. வானம் ஒரு கலை நகர 4 விநாடி ஆகும். எனவே கிழக்கு-மேற்கு இடத்தை ஒரு கலைக்குள் சொல்ல, கடிகாரம் இரவு முழுக்க 4 விநாடிக்குள் நிற்க வேண்டும். ஊசல் கடிகாரம் வந்தது 1656இல். டைக்கோவிடம் இருந்தவை பல்சக்கரக் கடிகாரங்கள். ஒன்றின் பெரிய பித்தளைச் சக்கரத்தில் மட்டும் 1,200 பற்கள். அப்படியும் இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டவில்லை. பாதரசத்தை ஒழுகவிட்டு எடை போட்டு நேரம் கணிக்கவும் பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை.

கடைசியில் கடிகாரத்தையே ஓரங்கட்டினார். வெள்ளி பளிச்சென்று இருக்கும் நாள்களில் பகலிலேயே கண்ணுக்குத் தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால். சூரியன் மறையும் முன் சூரியனுக்கும் வெள்ளிக்கும் இடையே கோணம் அளந்தார். இருட்டியபின் வெள்ளிக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடையே அளந்தார். சூரியனின் இடம் கணக்கில் தெரியும், ஆகவே நட்சத்திரத்தின் இடமும் கிடைத்துவிடுகிறது. பழங்காலத்தில் இந்தத் தூது வேலைக்கு நிலவைப் பயன்படுத்தினார்கள். நிலவு வேகமாக ஓடும், பார்க்கும் இடத்தைப் பொறுத்து ஒரு பாகை வரை இடம் மாறியும் தெரியும். வெள்ளியிடம் இந்த இரண்டு தொல்லையும் மிகக் குறைவு. காலை வெள்ளி, மாலை வெள்ளி இரண்டையும் சோடி சேர்த்துச் சராசரி எடுத்தார், ஒரு பக்கத்துப் பிழை மறுபக்கத்துப் பிழையைத் தின்றுவிடும் என்பதற்காக. அவர் செய்ததில் மிக அழகான வேலை இதுதான் என்பது நம் கட்சி.

1572இல் அவர் பார்த்த ‘புதிய நட்சத்திரம்’ நிலவுக்கு அப்பால் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? அதை நம் ஊரில் பார்க்க முடியுமா?
— பிளஸ் டூ மாணவி, ராசிபுரம்

1572 நவம்பர் 11 மாலை, காசியோப்பியா கூட்டத்தில் முன்பு இல்லாத ஒரு விண்மீன் வெள்ளிக்கு நிகரான ஒளியில் நின்றது. தன் கண்ணையே நம்பாமல் வேலையாட்களையும் வழியில் போனவர்களையும் கூப்பிட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டார். நல்ல பழக்கம்.

நிலவுக்கு மேலே எதுவும் மாறாது என்பது அரிஸ்டாட்டில் காலத்துப் பாடம். ஆகவே கேள்வி ஒன்றே: இது நிலவுக்குக் கீழேயா, மேலேயா? கட்டை விரலை நீட்டி இடக்கண், வலக்கண் என மாற்றிப் பார்த்தால் விரல் பின்னணியில் தாவுகிறதே, அந்த இடமாறு தோற்றம்தான் இங்கும் அளவுகோல். இரண்டு கண்ணுக்குப் பதில் பூமியின் சுழற்சி. டைக்கோ இருந்த ஸ்கோனே பகுதியின் அகலாங்கு ஏறக்குறைய 56 பாகை. அங்கிருந்து பார்த்தால் அந்த விண்மீன் மறைவதே இல்லை. ஒரு நேரத்தில் தலைக்கு மேல் சுமார் 84 பாகை உயரத்திலும், 12 மணி நேரம் கழித்து வடக்கே 28 பாகை உயரத்திலும் நிற்கும். நிலவின் தூரத்தில் இருக்கும் ஒரு பொருள் உச்சியில் 6 கலையும் தாழ்வில் 50 கலையும் கீழே இறங்கித் தெரியும். அதாவது பக்கத்து நட்சத்திரங்களை விட்டு முக்கால் பாகை நகர வேண்டும், ஒன்றரை முழுநிலவு அகலம்! வால்நட் மரத்தில் செய்த கருவியை வைத்து, ஏறக்குறைய 8 பாகை தள்ளியிருந்த ஷெடார் முதலான நட்சத்திரங்களிலிருந்து மேலும் கீழுமாக அளந்தார். நகரவே இல்லை. நிலவைத் தாண்டி, நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தில்தான் அது இருக்கிறது என்று 1573இல் அச்சிட்டார்.

1574 மார்ச் வரை தெரிந்து மறைந்தது. வெண்குறுமீன் ஒன்று வெடித்த சூப்பர்நோவா அது. அந்த வெடிப்பின் ஒளி விண்தூசியில் பட்டு எதிரொலித்துத் தாமதமாக வந்ததை 2008இல் பிடித்து, எந்த வகை வெடிப்பு என்று உறுதி செய்தார்கள். இன்று அந்த இடத்தில் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இடத்தைப் பார்க்கலாம்: நவம்பர், டிசம்பர் முன்னிரவில் வடக்கே 40 பாகை உயரத்தில், மலை போல இரண்டு முகடு தூக்கி நிற்கும் ஐந்து விண்மீன்கள். நம் ஊரில் அவை தினமும் மறைந்துவிடும் என்பதால் டைக்கோவின் இந்தச் சோதனையை அப்படியே இங்கே செய்ய முடியாது.

மூக்கு தங்கமா வெள்ளியா?
— வாசகர், மன்னார்குடி

பித்தளை. 1566 டிசம்பரில் ராஸ்டாக் நகரில் உறவுக்காரரோடு இருட்டில் வாள்சண்டை, மூக்கின் ஒரு பகுதி போனது. 2010இல் கல்லறையைத் திறந்து எடுத்த எலும்பில் செம்பும் துத்தநாகமும் இருந்த தடயம் கிடைத்தது. விசேஷங்களுக்கு வேறு மூக்கு வைத்திருந்தாரோ என்னவோ.

பள்ளிப் பாடத்தில் ஒளிவிலகலைத் தண்ணீரில் பென்சில் வைத்துக் காட்டுகிறோம். வானத்தில் அதை அளந்த முதல் ஆள் டைக்கோ என்கிறார்களே?
— அறிவியல் ஆசிரியர், வந்தவாசி

காற்று ஒளியை வளைக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். எவ்வளவு என்று வரிசையாக அளந்து அட்டவணை போட்டதில் அவர்தான் முன்னோடி. அதிலும் ஒரு பெரிய சறுக்கல் உண்டு.

தன் தீவின் அகலாங்கை இரண்டு வழியில் அளந்தார். துருவ நட்சத்திரம் அன்று துருவத்திலிருந்து கிட்டத்தட்ட 3 பாகை தள்ளிச் சுற்றியது. நீண்ட குளிர்கால இரவில் அது மேலே இருக்கும்போது ஒரு அளவு, 12 மணி நேரம் கழித்துக் கீழே இருக்கும்போது ஒரு அளவு, இரண்டின் சராசரி அகலாங்கு. இன்னொரு வழி, கோடையிலும் குளிர்காலத்திலும் சூரியனின் உச்சி உயரம். இரண்டு விடையும் சுமார் 4 கலை ஒட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் ‘கருவிப் பிசகு’ என்று சராசரி போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். இவரும் முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டார். வேறு கருவிகளிலும் அதே 4 கலை வந்தபோது பிசகு காற்றில் என்று புரிந்தது. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் 11 பாகைகூட ஏறாது. அந்த உயரத்தில் காற்று சூரியனை 5 கலை தூக்கிக் காட்டும். 56 பாகையில் நிற்கும் துருவ நட்சத்திரத்தையோ ஒரு கலைகூடத் தூக்காது.

சறுக்கல் என்னவென்றால், சூரியனின் இடமாறு தோற்றத்தை 3 கலை என்று பழைய நூல்களிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். உண்மையில் அது 9 விகலைகூட இல்லை. இல்லாத 3 கலையைத் திருத்தத்தில் சேர்த்ததால் அடிவானத்தில் சூரியனுக்கு 34 கலை, நட்சத்திரங்களுக்கு 30 கலை என்று இரண்டு வெவ்வேறு ஒளிவிலகல் வந்தது. நட்சத்திர ஒளிக்கு ஒரு சட்டம், சூரிய ஒளிக்கு ஒரு சட்டம் என்று காற்று பாகுபாடு பார்க்காது. பூமி அச்சின் சாய்விலும் இதனால் 2 கலை பிசகியது. தானே அளந்ததில் ஒன்றிரண்டு கலைக்குள் நின்றவர், அளக்காமல் கடன் வாங்கிய ஓர் எண்ணில் மாட்டிக்கொண்டார்.

பூமி சுற்றுகிறது என்பதை இவ்வளவு பெரிய ஆள் ஏன் ஏற்கவில்லை? மதத்துக்குப் பயந்தா?
— வாசகர், மதுரை

வேதநூலும் ஒரு காரணம்தான், ஆனால் அவருடைய வலுவான வாதம் கணக்கில் இருந்தது. பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரங்கள் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும். அவருடைய கருவியில் ஒன்றும் நகரவில்லை. அப்படியானால் நட்சத்திரங்கள் சனியைப் போல 700 மடங்குக்கும் அதிக தூரத்தில் இருக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. வெறுங்கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு கலை, இரண்டு கலை அகலமுள்ள வட்டமாகத் தெரிகிறது என்று அவர் மதிப்பிட்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் ஒரு கலை அகலம் என்றால் ஒரு சாதாரண நட்சத்திரமே பூமியின் சுற்றுப்பாதை அளவு பெரிதாகிவிடும். அது அபத்தம் என்று தள்ளினார். அந்த ‘அகலம்’ கண்ணுக்குள்ளும் காற்றிலும் ஒளி பரவுவதால் வரும் மாயை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கையில் இருந்த அளவுகளை வைத்துப் பார்த்தால் அவர் முடிவு நியாயமானதே.

அதனால் 1588இல் தன் ஏற்பாட்டை வெளியிட்டார்: பூமி நடுவில் அசையாமல், அதை நிலவும் சூரியனும் சுற்ற, மற்ற ஐந்து கோள்கள் சூரியனைச் சுற்றும். கோணக் கணக்கில் இதற்கும் கோப்பர்நிக்கஸுக்கும் வித்தியாசம் வராது.

கேரளத்து நீலகண்ட சோமயாஜி இதையே முன்பே சொன்னார் என்று படித்தேன். உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

ஒற்றுமை உண்மை. 1444இல் பிறந்த நீலகண்டர், ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுவதாகக் கொள்ளும் அமைப்பை எழுதியிருக்கிறார். இங்கிருந்து அங்கே போனது என்பதற்கு ஆதாரம் கிடையாது. புதனும் வெள்ளியும் சூரியனை விட்டு விலகாமல் திரிவதைக் கூர்ந்து பார்த்த இருவர் ஒரே திசையில் நடந்திருக்கிறார்கள்.

ஜாதகம் கணித்தாரா?
— வாசகர், திருநள்ளாறு

கணித்தார். டென்மார்க் இளவரசர்கள் மூவருக்கும் ஜாதகம் எழுதிக் கொடுத்தார். இளமையில் 1566 அக்டோபர் சந்திர கிரகணத்தை வைத்துத் துருக்கி சுல்தான் இறப்பார் என்று செய்யுள் எழுதி ஒட்டினார். சுல்தான் சுலைமான் கிரகணத்துக்கு முன்பே, செப்டம்பரிலேயே இறந்துவிட்டிருந்தார் என்ற செய்தி பின்னால் வந்து மானத்தை வாங்கியது.

குடும்பத்தில் பெண்கள் யாராவது இந்த வேலையில் இருந்தார்களா?
— வாசகி, யாழ்ப்பாணம்

தங்கை சோபி பிராஹே. 1573 டிசம்பர் சந்திர கிரகணத்தை அளக்க அண்ணனுக்குத் துணை நின்றவர். வானியல், வேதியியல், தோட்டக்கலை மூன்றிலும் கைதேர்ந்தவர். டைக்கோவின் துணைவி கிர்ஸ்டன் பிரபு குடும்பத்தவர் அல்லர். டென்மார்க் சட்டப்படி அந்தத் திருமணம் செல்லும், ஆனால் பிள்ளைகளுக்குப் பிரபுப் பட்டமும் பரம்பரை நிலமும் கிடையாது. 1597இல் புதிய மன்னர் நான்காம் கிறிஸ்டியன் மானியத்தை வெட்டியபோது அவர் தீவை விட்டே கிளம்பியதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். தீவின் குடியானவர்கள் கண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கட்டாய வேலை வாங்கிய எசமான் அவர்.

மாணவர்களை வைத்து டைக்கோ முறையில் ஒரு கால்வட்டம் செய்ய ஆசை. செலவில்லாமல் முடியுமா?
— அறிவியல் மன்றப் பொறுப்பாளர், அரியலூர்

12 மி.மீ. ஒட்டுப்பலகை, 55 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று போதும். மெல்லிய பலகை வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும். ஒரு மூலையில் மையப்புள்ளி குறித்து 50 செ.மீ. ஆரத்தில் வளைவு போடுங்கள். பள்ளிக் கவராயம் எட்டாது. ஆணியும் இழுபடாத கம்பியும் வைத்து வரையலாம், நூல் வேண்டாம், நீளும். 60 பாகையைக் குறிக்கப் பாகைமானி தேவையில்லை: அதே 50 செ.மீ.யை வளைவின் தொடக்கத்திலிருந்து நேர்கோட்டில் வைத்து எங்கே வெட்டுகிறதோ அதுதான் 60. அதைப் பாதியாக்கினால் 30, மறுபடி பாதி 15. பதினைந்தை மூன்றாகவும், ஐந்தை ஐந்தாகவும் கவராயத்தால் தட்டித் தட்டிப் பிரியுங்கள். ஒரு பாகைக்கு 8.7 மி.மீ. கிடைக்கும். ஒவ்வொரு பாகைக்கும் சாய்வாக ஆறு புள்ளி வைத்தால் 10 கலை வரை வாசிக்கலாம்.

மையத்தில் தூண்டில் நரம்பு கட்டி, முனையில் கனமான நட்டு. நரம்பு தொங்கும் இடம் மையத்திலிருந்து 1 மி.மீ. தள்ளியிருந்தால் 7 கலை பிழை. பெரும்பாலான பள்ளிக் கருவிகள் கெடுவது இங்கேதான், ஏனென்றால் ஆணியின் பக்கவாட்டில் முடிச்சு போடுகிறார்கள். மெல்லிய துளையிட்டு நரம்பை அதன் வழியே இழுங்கள். நட்டு ஆடுவதை நிறுத்த ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

குறிபார்க்க, ஓர் ஓரத்தின் தொலைமுனையில் 5 மி.மீ. குழாய்த்துண்டு ஒன்றைக் கிடைமட்டமாக, பலகைக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். கண்முனையில் கறுப்பு அட்டை, அதில் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு கீற்று. துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் அகலாங்கை ஒட்டி வர வேண்டும்: சென்னையில் 13, மதுரையில் 10க்குச் சற்றுக் குறைவு. இன்று அது துருவத்திலிருந்து மூன்றில் இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளியிருப்பதால் அந்த அளவு கூடக்குறைய வரலாம். 10 பாகை உயரத்தில் காற்றின் தூக்கல் 5 கலை. அது இந்தக் கருவியில் பிடிபடாது, பிடிபட்டதாக மாணவர் சொன்னால் நோட்டைச் சரிபாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: சூரியனைக் கீற்று வழியே பார்க்கவே கூடாது. குழாயின் நிழல் அட்டையில் இரண்டு கீற்றுக்கும் நடுவே விழும்படி பிடித்தால் போதும்.

டைக்கோ இறந்ததும் கெப்ளர் அளவுக் குறிப்புகளைத் திருடினார் என்பது சரியா? விஷம் வைத்ததாகவும் சொல்கிறார்களே!
— வாசகர், கோவில்பட்டி

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை. தீவை விட்டுக் கிளம்பிய டைக்கோ பின்னர் குடியேறியிருந்த பிராகு அருகே 1600 பிப்ரவரியில் கெப்ளர் வந்து சேர்ந்தபோது டைக்கோ குறிப்புகளைக் கிள்ளித்தான் கொடுத்தார். 1601 அக்டோபர் 24இல் அவர் இறந்ததும் வாரிசுகள் சுதாரிக்கும் முன் குறிப்புகளைக் கையகப்படுத்திக்கொண்டதைக் கெப்ளரே பின்னால் ஒப்புக்கொண்டார். விஷக் கதைக்கு ஆதாரம் இல்லை. அக்டோபர் 13 விருந்தில் மரியாதை கருதி எழாமல் சிறுநீரை அடக்கினார், அதன்பின் சிறுநீர் பிரியவில்லை, பதினொரு நாளில் முடிந்தது. 2012இல் வெளியான பரிசோதனை முடிவில் கொல்லும் அளவு பாதரசம் எதுவும் இல்லை.

எடுத்துக்கொண்டு கெப்ளர் செய்ததைப் பாருங்கள். செவ்வாய்க்கு வட்டப் பாதை வைத்து ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு ஏற்பாட்டில் சில அளவுகளை 2 கலைக்குள் பொருத்திவிட்டார். மற்ற அளவுகளில் 8 கலை உதைத்தது. 10 கலை பிழையுள்ள பழைய அளவுகளாக இருந்தால் அந்த 8 கலை பிழைக்குள்ளேயே புதைந்து போயிருக்கும். டைக்கோவின் வளைவில் 8 கலை என்பது 4.5 மி.மீ. அந்த மனிதர் 4.5 மி.மீ. தவறாக வாசிக்க மாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும். வட்டத்தைத் தூக்கி எறிந்தார். 1609இல் நீள்வட்டம் அச்சில் வந்தது.

அந்தக் கருவிகளை இன்று எங்கே பார்க்கலாம்?
— வாசகர், சிங்கப்பூர்

ஹ்வென் கருவிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. பிராகுக்குப் போனவை 1620க்குப் பிந்தைய போர்க் குழப்பத்தில் அழிந்தன. ஒன்றரை மீட்டர் விட்டத்தில் பித்தளைத் தகடு போர்த்தி, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் குறித்துவந்த பெரிய வான உருண்டை 1728 கோபன்ஹேகன் தீயில் போனது. 1598இல் அவரே அச்சிட்ட கருவிப் புத்தகத்தின் படங்களும் அளவுகளும்தான் நமக்கு மிச்சம். தீவு இப்போது ஸ்வீடனில் இருக்கிறது, படகில் போகலாம். 1950களில் தோண்டி எடுத்த ஸ்டியர்னபோர்க் பள்ளங்களின் அடித்தளத்தையும், அவற்றின்மேல் புதிதாகப் போட்ட கூரைகளையும் காட்டுகிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள், காற்று இன்னும் அப்படியேதான் இருக்கிறது.